எல்லையில் அறுபடும் இணைப்புகள்: பெரிய தளத்தின் உள் இணைப்புகளை ஒழுங்குபடுத்துவது எப்படி

செங்கோட்டைக்காரருக்குப் புனலூர் பக்கத்து ஊர். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்து வெளியே வந்தால் ஆரியங்காவு. அப்புறம் தென்மலை, புனலூர் என்று ரயில் மலையிறங்கிப் போகும். ஆனால் ஊர்த் தகவல்களை மாநிலம், மாவட்டம் என்று அடுக்கிவைத்த ஒரு தமிழ்த் தளத்தில் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே வழியே இருக்காது. செங்கோட்டை ‘தமிழ்நாடு › தென்காசி’ கிளையில் இருக்கும். புனலூர் ‘கேரளம் › கொல்லம்’ கிளையில் இருக்கும். ஒன்றைப் படிப்பவர் மற்றொன்றுக்குப் போக முகப்புவரை ஏறி, மாநிலம் மாற்றி, மாவட்டம் தேடி மறுபடி இறங்க வேண்டும். யாரும் அப்படிச் செய்வதில்லை. கூகுளுக்குத் திரும்பிப் போவார்கள். அங்கே வேறொரு தளம் முன்னால் நிற்கும்.

சில ஆயிரம் பக்கங்கள் சேர்ந்துவிட்ட எந்தத் தளத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. எல்லைப் பகுதியைப் பற்றி எழுதும் தளங்களில் அது பளிச்சென்று தெரிகிறது, அவ்வளவுதான். கம்பம்–குமுளி, பொள்ளாச்சி–பாலக்காடு, களியக்காவிளை–பாறசாலை என்று எதை எடுத்தாலும் நிர்வாகப் பிரிவு ஒரு கோட்டில் போகிறது, ஜனங்களின் போக்குவரத்து இன்னொரு கோட்டில் போகிறது. தளத்தின் மெனு முதல் கோட்டைப் பின்பற்றலாம். கட்டுரைகளுக்குள் போடும் இணைப்புகள் இரண்டாவது கோட்டைத்தான் பின்பற்ற வேண்டும்.

ஒரே தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்க்தான் உள் இணைப்பு. அது மூன்று வேலை செய்கிறது. வாசகரை அடுத்த தேவைக்குக் கொண்டுபோகிறது. அப்படி ஒரு பக்கம் இருப்பதைக் கூகுள்பாட் போன்ற கிராலர்களுக்கு, அதாவது இணைப்பைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் போய்ப் படிக்கும் நிரல்களுக்கு, காட்டுகிறது. எந்தப் பக்கம் முக்கியம், எதைப் பற்றியது என்பதைத் தேடுபொறிக்குச் சொல்கிறது. மூன்றாவது வேலையின் அடிப்படை, ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் உருவாக்கி 1998-ல் வெளியிட்ட பேஜ்ரேங்க் கணக்கு. ஒரு பக்கத்தின் மதிப்பு, அதைச் சுட்டும் பக்கங்களிலிருந்து வருகிறது. சுட்டும் பக்கம் தன் மதிப்பைத் தன்னிடமுள்ள இணைப்புகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. இன்றைய கூகுள் இன்னும் எத்தனையோ அடையாளங்களைப் பார்க்கிறது. என்றாலும் யாரும் சுட்டாத பக்கம் வலுவில்லாத பக்கம் என்பது மாறவில்லை.

முதலில் கணக்கெடுப்பு

இணைப்பு போடத் தொடங்குவதற்கு முன் இரண்டு பட்டியல் வேண்டும். ஒன்று, தரவுத்தளத்திலிருந்து எடுத்த, வெளியிடப்பட்ட எல்லாப் பக்கங்களின் பட்டியல். இரண்டாவது, முகப்பில் தொடங்கி இணைப்புகளை மட்டுமே பிடித்துக்கொண்டு போன ஒரு கிராலர் கண்டுபிடித்த பக்கங்களின் பட்டியல். ஸ்க்ரீமிங் ஃபிராக் என்ற மென்பொருள் இந்த வேலையைச் செய்யும். இலவசப் பதிப்பு 500 முகவரியோடு நின்றுவிடும் என்பதால் பெரிய தளத்துக்குக் கட்டணப் பதிப்போ சொந்தமாக எழுதிய நிரலோ தேவைப்படும். முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லாதவை அநாதைப் பக்கங்கள். அவற்றுக்கு எந்த வழியும் இல்லை.

தளத்தின் முகவரிகளைத் தேடுபொறிக்குப் பட்டியலிடும் கோப்பான சைட்மேப்பில் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்வது வழக்கம். ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரிவரை, சுருக்காத அளவில் 50 எம்பிவரை வைக்கலாம். ஆனால் அது பக்கம் இருப்பதை அறிவிக்குமே தவிர, எதோடு சேர்ந்தது, எவ்வளவு முக்கியம் என்று சொல்லாது. தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலில் ‘கண்டறியப்பட்டது, ஆனால் இன்னும் அட்டவணையில் சேரவில்லை’ என்ற பொருளில் வரும் வரிசையைத் திறந்து பாருங்கள். அங்கே கிடக்கும் பக்கங்களை அநாதைப் பட்டியலோடு ஒப்பிட்டால் பல பெயர்கள் பொருந்தும்.

கிராலரை ஓடவிடும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மெனு, அடிப்பட்டை, பக்கப்பட்டி எல்லாவற்றிலும் உள்ள இணைப்புகளையும் சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். அடிப்பட்டையில் ‘தனியுரிமைக் கொள்கை’ இருப்பதால் தளத்திலேயே அதிகம் சுட்டப்பட்ட பக்கம் அதுதான் என்று அறிக்கை வரும். கட்டுரை உடல் இருக்கும் பகுதியை மட்டும் தனியாகக் குறித்து, அதற்குள் உள்ள இணைப்புகளை எண்ண வேண்டும். சர்ச் கன்சோலின் இணைப்பு அறிக்கையிலும் இதே கலப்படம் உண்டு, அதோடு 1,000 வரிசைக்கு மேல் காட்டாது. சரிபார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் கையில் இருக்க வேண்டியது ஒரு விரிதாள்: முகவரி, முகப்பிலிருந்து எத்தனை சொடுக்கு, மற்றக் கட்டுரைகளின் உடலிலிருந்து இதற்கு வரும் இணைப்பு, இதன் உடலிலிருந்து போகும் இணைப்பு, தாய்ப்பக்கம் (ஒரே பொருளைப் பற்றிய பக்கங்களைத் தொகுத்துச் சுட்டும் தலைமைப் பக்கம்), கடைசியாகத் திருத்திய நாள். தாய்ப்பக்கம் என்ற பத்தி முதலில் காலியாக இருக்கும். மொத்த வேலையும் அதை நிரப்புவதுதான்.

ஆழம் பற்றி ஒரு சிறு கணக்கு. தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ் ஒரு பட்டியல் பக்கத்தில் வழக்கமாக 10 பதிவுகளைக் காட்டும். ஒரு கேட்டகரியில் 3,000 பதிவு இருந்தால் 300 பட்டியல் பக்கங்கள். கீழே ‘பழையவை’, ‘புதியவை’ என்ற இரண்டு பொத்தான் மட்டும் இருந்தால் கடைசிப் பதிவுக்குப் போக ஏறத்தாழ 300 சொடுக்கு. முதல் பக்கம், கடைசிப் பக்கம், இருபுறமும் இரண்டிரண்டு எண்கள் என்று காட்டினாலும் நடுவில் உள்ள 150-ஆம் பக்கத்துக்கு 75 சொடுக்கு ஆகும். பக்கத்துக்கு 50 பதிவு வைத்தால் நிலைமை கொஞ்சம் தேறும். ஆனால் கேட்டகரியை உடைத்து நடுவில் தாய்ப்பக்கங்கள் வைப்பதுதான் தீர்வு. எந்தப் பக்கமும் முகப்பிலிருந்து நான்கு சொடுக்குக்குள் வர வேண்டும் என்பதை இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

தாய்ப்பக்கம் எது?

பரம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே வண்டியில் போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்துதான் போக வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலை அருகே இருக்கிறது. பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை இடுக்கி மாவட்டத்தில் நிற்கிறது. இயக்குவது தமிழ்நாடு, தண்ணீர் வருவது தேனிப் பக்கம். மாவட்டம்தான் தாய் என்று விதி வைத்தால் இந்த மூன்று பக்கங்களும் தவறான வீட்டில் குடியேறும்.

வாசகர் எதற்கு அடுத்து எதைக் கேட்பார் என்பதை வைத்துத் தாய்ப்பக்கத்தை முடிவு செய்ய வேண்டும். முல்லைப் பெரியாறு நீர்மட்டம் பார்க்க வருபவர் அடுத்துக் கேட்பது கம்பம் பள்ளத்தாக்கின் பாசனம், வைகை அணையின் நிலவரம். இடுக்கி மாவட்டத்தின் சுற்றுலா இடங்களை அவர் கேட்கவில்லை. ஆகவே அந்தப் பக்கத்தின் தாய் ‘பெரியாறு–வைகைப் பாசனம்’. இடுக்கிப் பக்கத்திலிருந்து ஒரு பக்கவாட்டு இணைப்பு போதும்.

செங்கோட்டை–புனலூர் ரயில் பாதையை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்க்கலாம். 1904-ல் திறந்த மீட்டர் கேஜ் பாதை. அகலப் பாதையாக்க 2010-ல் மூடப்பட்டு 2018-ல் மறுபடி முழுதாக ஓடத் தொடங்கியது. ஒரு தளத்தில் இதைப் பற்றி இருபது முப்பது பதிவுகள் சிதறிக் கிடப்பது சாதாரணம்: ரயில் நேரம், கழுதுருட்டி அருகே உள்ள பதிமூன்று கண் பாலம், ஆரியங்காவு ஐயப்பன் கோயில், தென்மலை, பாதை மூடியபோதும் திறந்தபோதும் வந்த செய்திகள். இவற்றுக்குத் தாயாக ‘செங்கோட்டை–புனலூர் ரயில் பாதை’ என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். வெறும் தலைப்புப் பட்டியலாக அது இருக்கக் கூடாது. பாதை எங்கிருந்து எங்கே, எந்த நிலையம் எந்த மாநிலத்தில், எங்கே இறங்கினால் எதற்குப் போகலாம் என்று 600, 700 சொல்லில் சொல்லி, அந்தந்த வரியிலேயே குழந்தைப் பக்கத்துக்கு இணைப்பு தர வேண்டும். ஒவ்வொரு குழந்தைப் பக்கமும் முதல் இரண்டு பத்திக்குள் தாய்க்கு ஒரு இணைப்பு தர வேண்டும். ஆரியங்காவு நிலையத்திலிருந்து ஆரியங்காவு கோயிலுக்கு, பாலத்திலிருந்து தென்மலைக்கு என்று சகோதரப் பக்கங்களுக்குள் தேவைப்படுகிற இடத்தில் மட்டும் இணைப்பு. எல்லாக் குழந்தைகளும் எல்லாக் குழந்தைகளையும் சுட்டினால் எதுவும் தனித்துத் தெரியாது.

கடைசியாகத் தாய்ப்பக்கத்துக்கு மேலிருந்து வழி வேண்டும். தென்காசி மாவட்டப் பக்கத்திலிருந்தும் கொல்லம் மாவட்டப் பக்கத்திலிருந்தும் இரண்டு இணைப்பு. இதுதான் எல்லையில் அறுபட்டிருந்த இழையைச் சேர்க்கிறது. பக்கத்தின் மேலே ‘தமிழ்நாடு › தென்காசி’ என்பதுபோல் காட்டும் பிரட்கிரம் தடத்தில் மட்டும் ஒரு தாயைத் தேர்ந்தெடுத்து அதையே எப்போதும் காட்டுங்கள். பக்கத்துக்குப் பக்கம் தடம் மாறினால் வாசகருக்கும் குழப்பம், கிராலருக்கும் குழப்பம்.

மாவட்டப் பெயரை முகவரிக்குள் வைக்க வேண்டாம் என்பதற்கு எல்லைப் பகுதியே போதிய சான்று. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்தது. வடக்கு எல்லையில் 2022 ஏப்ரலில் ஆந்திரம் மாவட்டங்களைப் பிரித்து அமைத்தபோது, நெல்லூர் மாவட்டத்தில் இருந்த சூலூர்பேட்டை புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. முகவரியில் ‘திருநெல்வேலி/செங்கோட்டை’ என்று இருந்த பக்கங்களை மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் 301 ரீடைரக்ட், அதாவது பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு, போட வேண்டும். போட்டதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். கட்டுரைகளுக்குள் பழைய முகவரி அப்படியே கிடக்கும். அடுத்த முறை தளம் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறும், அதற்கடுத்த முறை கேட்டகரி மாறும், ஒரு ரீடைரக்ட் இன்னொன்றைச் சுட்டும். கூகுள்பாட் 10 தாவல்வரை பின்தொடரும் என்றாலும், ஒவ்வொரு தாவலிலும் வாசகரின் கைபேசி காத்திருக்கிறது. உடலில் உள்ள எல்லா இணைப்பையும் கடைசி முகவரிக்கே நேராக மாற்றி எழுதுவதுதான் முழு வேலை.

தானாக இணைக்கும் செருகுநிரல்கள்

ஆயிரக்கணக்கான பக்கங்களுக்குக் கையால் யார் இணைப்பு போடுவது என்று, ஒரு சொல்லைக் கண்டால் ஒரு பக்கத்துக்கு இணைக்கும் செருகுநிரலை நிறுவுகிறார்கள். தமிழில் இது பலவிதமாகக் கெடுகிறது.

‘செங்கோட்டை’ என்ற சொல்லை ஊர்ப் பக்கத்துக்கு இணைத்து வைத்தால், ஆகஸ்ட் 15 அன்று ‘தில்லி செங்கோட்டையில் பிரதமர் கொடியேற்றினார்’ என்ற செய்தியும் தென்காசி மாவட்டத்துக்குப் போகும். ‘கம்பம்’ என்பதை இணைத்தால் மின்கம்பம் சாய்ந்த செய்தியெல்லாம் தேனி மாவட்டத்து ஊருக்குப் போகும். ‘கூடலூர்’ தேனி மாவட்டத்திலும் உண்டு, நீலகிரியிலும் உண்டு, இரண்டும் கேரள எல்லையில்! சொல்லை மட்டும் பார்த்து இணைக்கும் நிரல் இதைப் பிரித்தறியாது.

மறுபக்கம், இணைக்க வேண்டியதை இணைக்காது. சொல் முழுதாகப் பொருந்த வேண்டும் என்று அமைத்தால் ‘குற்றாலம்’ பிடிபடும், ‘குற்றாலத்தில்’ பிடிபடாது. ‘பாலக்காடு’ பிடிபடும், ‘பாலக்காட்டிலிருந்து’ பிடிபடாது. கட்டுரைகளில் ஊர்ப்பெயர் வேற்றுமை ஏற்றுத்தான் பெரும்பாலும் வரும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. ‘கோ’ என்பதை ஒற்றை ஓகாரக் குறியோடும் தட்டலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடில் வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கட்டுரைகளில் இந்தக் கலப்பு இருக்கலாம். தேடி மாற்றும் முன் எல்லா உரையையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இது சரியாகும்.

நம் பரிந்துரை: நிரலைத் தேட மட்டும் பயன்படுத்துங்கள். ‘செங்கோட்ட’, ‘குற்றால’, ‘பாலக்கா’ என்று சொல்லின் மாறாத முன்பகுதியை வைத்துத் தேடி, எந்தப் பக்கத்தில் எந்த வரியில் வருகிறது என்று பட்டியல் எடுக்கட்டும். இணைக்கலாமா வேண்டாமா என்பதை மனிதர் முடிவு செய்யட்டும்.

இணைப்பு எந்தச் சொல்லின் மேல்?

‘இங்கே சொடுக்கவும்’, ‘மேலும் படிக்க’ இரண்டும் எதையும் சொல்லாத ஆங்கர்கள், அதாவது இணைப்பு ஏறும் சொற்கள். ‘செங்கோட்டை–புனலூர் ரயில் நேரம்’ என்பது வாசகருக்கும் சொல்கிறது, கூகுளுக்கும் சொல்கிறது. ஆனால் எல்லாக் கட்டுரையிலும் இம்மி பிசகாமல் அதே நான்கு சொல்லை வைக்க வேண்டியதில்லை. வாக்கியத்தில் இயல்பாக எப்படி வருகிறதோ அப்படியே இருக்கட்டும்.

விகுதியை இணைப்புக்குள் சேர்த்தே எடுங்கள். ‘புனலூரில்’ என்பதில் ‘புனலூர’வரை மட்டும் இணைப்புக்குள் வந்தால், வெளியே நிற்கும் இகரக் குறி சில உலாவிகளில் புள்ளிவட்டத்தோடு தனியே தெரியும். பழைய கட்டுரைகளில் மொத்தமாகத் தேடி மாற்றிய இடங்களில் இந்த உடைசல் அடிக்கடி தென்படும்.

ஆயிரம் சொல் கட்டுரைக்கு உடலில் ஐந்து முதல் எட்டு இணைப்பு நல்ல அளவு. இது அனுபவ அளவுதான். பக்கத்துக்கு 100 இணைப்பு என்று முன்பு கூகுள் சொல்லிவந்த வரம்பு இப்போது இல்லை. ஒரே இலக்கை ஒரே கட்டுரையில் மறுபடி மறுபடி சுட்டுவதில் பயனில்லை. முதலில் பொருத்தமாக வருகிற இடத்தில் ஒரு முறை போதும்.

முகவரிக்குள் தமிழ் எழுத்து வைப்பது பற்றி ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் குறியேற்றத்தில் 9 இடம் பிடிக்கிறது. முகவரியில் அந்தப் பதிவைக் குறிக்கும் பகுதியான ஸ்லக்குக்கு வேர்ட்பிரஸ் தருவது மொத்தம் 200 இடம். ‘செங்கோட்டை-புனலூர்-ரயில்’ என்பதில் 22 குறிகளும் இரண்டு சிறுகோடும் சேர்ந்து சரியாக 200 ஆகிவிடுகிறது. அதற்குப் பின் வரும் ‘நேரம்’, ‘கட்டணம்’, ‘வரலாறு’ எல்லாம் வெட்டுப்படும். மூன்று பதிவுகளுக்கும் ஒரே ஸ்லக் கிடைத்து, பின்னால் 2, 3 என்று எண் ஒட்டிக்கொள்ளும். இணைப்பு போடுபவர் முகவரியைப் பார்த்து எது எது என்று கண்டுபிடிக்க முடியாது. புதுப் பதிவுகளுக்கு ஸ்லக்கைக் கையால் சுருக்கி எழுதுங்கள். ரோமன் எழுத்தில் வைத்தாலும் குற்றமில்லை. பழையவற்றை இதற்காக மாற்ற வேண்டாம்.

வலுவை வீணாக்கும் இடங்கள்

தனிமைப்பட்ட பக்கங்களைக் காப்பாற்றும் என்று நம்பி வைக்கும் ‘தொடர்புடைய பதிவுகள்’ பெட்டி பெரும்பாலும் புதியதையே எடுத்துத் தருகிறது. நேற்றைய பதிவை ஆயிரம் பக்கம் சுட்டும். ஐந்து வருடத்துக்கு முன் எழுதிய நல்ல கட்டுரையை ஒன்றும் சுட்டாது. பெட்டியின் விதியை ‘அதே தாய்ப்பக்கம்’ என்று மாற்றினால் நிலைமை உடனே சீராகும். சீரற்ற தேர்வும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் மாறும் இணைப்பில் எதுவும் நிலைக்காது.

‘மேலும் காட்டு’ பொத்தான், கீழே இழுக்க இழுக்க நீளும் பட்டியல் ஆகியவற்றைக் கூகுள்பாட் அழுத்துவதும் இல்லை, இழுப்பதும் இல்லை. ஹெச்ரெஃப் (இலக்கு முகவரி) உள்ள சரியான இணைப்புக் குறிதான் அதற்கு வழி. பின்னணியில் எண்ணிட்ட பக்கங்களும் இருந்தாக வேண்டும்.

டேக் பக்கங்கள் கேரள எல்லைத் தளங்களில் தனிக் கொடுமை. குமுளி, குமிளி; ஆரியங்காவு, ஆர்யங்காவு; திருவனந்தபுரம், திருவனந்தபுரம் மாவட்டம் என்று ஒரே ஊருக்கு இரண்டு மூன்று டேக். ஒவ்வொன்றும் ஒரு பட்டியல் பக்கத்தைப் பெற்றெடுக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அதில் இணைத்து 301 போடுங்கள். சிலர் எல்லா டேக் பக்கத்துக்கும் நோஇண்டெக்ஸ் (தேடல் அட்டவணையில் சேர்க்காதே என்ற குறி) போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார்கள். அப்படி நீண்ட காலம் இருக்கும் பக்கத்திலிருந்து போகும் இணைப்புகளையும் கூகுள் காலப்போக்கில் கைவிடும். டேக் வழியாக மட்டுமே எட்டக்கூடிய பதிவுகள் அதோடு அநாதையாகிவிடும்.

உள் இணைப்புக்கு நோஃபாலோ (பின்தொடராதே என்ற குறி) போட்டு வலுவைத் திருப்பிவிடலாம் என்ற எண்ணம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. ஒரு மடையை அடைத்தால் மற்ற மடைகளில் தண்ணீர் கூடும் என்ற கணக்கு அது. 2009-லேயே, அப்போது கூகுளில் இருந்த மேட் கட்ஸ் இதை விளக்கிவிட்டார்: நோஃபாலோ போட்ட இணைப்பின் பங்கு மற்ற இணைப்புகளுக்குப் போகாது, வீணாகத்தான் போகும். தேவையில்லாத இணைப்பு என்றால் எடுத்துவிடுங்கள்.

பருவப் பக்கங்களில் பெரிய இழப்பு நடக்கிறது. குற்றாலம் சீசன், கார்த்திகை முதல் தேதியில் தொடங்கும் சபரிமலை மண்டல காலம், சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் என்று வருடந்தோறும் திரும்ப வருபவற்றுக்கு ஒவ்வொரு வருடமும் புது முகவரி போட்டால், போன வருடம் சேர்ந்த இணைப்பெல்லாம் பழைய பக்கத்தோடு தங்கிவிடும். வருடம் இல்லாத ஒரே முகவரியை வைத்து உள்ளே தகவலைப் புதுப்பியுங்கள். சீசன் தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்பே முகப்பிலிருந்து அதற்கு இணைப்பு கொடுங்கள்.

அதே தளத்தில் மலையாளப் பதிப்பும் இருந்தால், தமிழ்ப் பக்கம் தமிழ்ப் பக்கங்களையும் மலையாளப் பக்கம் மலையாளப் பக்கங்களையும் சுட்டட்டும். ஒன்றுக்கொன்று நேரான பக்கங்களை எது எந்த மொழிப் பதிப்பு என்று சொல்லும் ஹெச்ரெஃப்லேங் குறியால், இரண்டு பக்கமிருந்தும், கட்டிவையுங்கள். ஒரு பக்கம் மட்டும் சொன்னால் கூகுள் அதை ஏற்காது.

எங்கிருந்து தொடங்குவது?

ஆயிரக்கணக்கான பக்கங்களையும் ஒரே மூச்சில் எடுக்க முடியாது. சர்ச் கன்சோலில் தேடலில் தெரிகிற, ஆனால் முதல் பக்கத்துக்கு வராத பதிவுகளை எடுத்து, விரிதாளில் மற்றக் கட்டுரைகளின் உடலிலிருந்து வரும் இணைப்பு மூன்றுக்குக் குறைவாக உள்ளவற்றை வடிகட்டுங்கள். அவற்றைத் தாய்ப்பக்க வாரியாகக் கூட்டுங்கள். கூட்டம் பெரியதாக இருக்கும் தாயிலிருந்து தொடங்குங்கள். இல்லாத பக்கத்துக்குப் போகும் 404 இணைப்புகளையும் நீண்ட ரீடைரக்ட்களையும் அதே சுற்றில் சரிசெய்யுங்கள்.

புதுக் கட்டுரை வெளியிடும் ஒவ்வொரு முறையும், பொருத்தமான மூன்று பழைய கட்டுரைகளைத் திறந்து அதற்கு இணைப்பு சேர்ப்பதை வெளியீட்டு வேலையின் பகுதியாக்குங்கள். புதியது பழையதைச் சுட்டுவது தானாக நடந்துவிடும். பழையது புதியதைச் சுட்டுவது யாராவது உட்கார்ந்து செய்தால்தான் நடக்கும்.

பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். சர்வர் பதிவுகளில் கூகுள்பாட் அந்தக் கூட்டத்துப் பக்கங்களுக்கு முன்பைவிட அடிக்கடி வருகிறதா என்று பாருங்கள். அதுதான் முதல் அறிகுறி. அதற்கப்புறம் தேடல் தோற்றங்கள் ஏறும். இந்த இடைவெளியில் அந்தப் பக்கங்களின் தலைப்பையும் வடிவமைப்பையும் தொடாதீர்கள்; தொட்டால் எது எதனால் மாறியது என்று பிரித்துச் சொல்ல வழியிருக்காது.